அக்கா சுற்றிய மலை

எங்கள் பினாங்கில் முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர்மலைப் படிகளில் மூச்சு வாங்க ஏறித்தான் ஆக வேண்டும். கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவரைப் பார்த்தால், பாவம் முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பாதி வயதை அங்கே கழித்துவிட்ட எனக்கு, மலை என்று ஒன்று இருந்தால் அது ஏறுவதற்குத்தான் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. போதாக்குறைக்கு ஞாயிறு தவறாமல் கொடிமலைக்கு நடக்கிற பெண்கள் கூட்டம் ஒன்றிலும் இருக்கிறேன். வாரமெல்லாம் பள்ளிக்கூடக் கேண்டீனில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டுகிறோமே, ஒரு நாளாவது காலுக்கு வேலை கொடுப்போம் என்று ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டியும் இளையவர்களை முந்திக்கொண்டு ஏறுகிறேன் என்ற திமிரில் வந்து நின்றது.

இந்தத் திமிரையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் திருவண்ணாமலைக்குப் போனேன். அங்கே அதற்கு வேலையே இல்லை. நான் போனது என் அக்கா சரஸ்வதி கூப்பிட்டு.

போன வருஷம் மாமா தவறிப்போனார். அக்கா வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவர். வேங்கிக்காலில் ஆபீசுக்குக் கூப்பிடு தூரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, பௌர்ணமி தவறாமல் அக்காவோடு மலையைச் சுற்றியவர். மழையோ காய்ச்சலோ, அன்று இருவரும் ரோட்டில்தான். அவர் போன பிறகு அக்கா ஒரு பௌர்ணமிக்கும் போகவில்லை. எனக்கு விமானம் கிடைத்து நான் வந்து சேர்ந்தது கருமாதிக்குத்தான். அப்போது அக்கா பந்தியில் யாருக்குச் சாம்பார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவை எடுத்த அன்றும் அவள் அழவில்லை என்று உறவில் ஒரு பேச்சு இருந்தது. கல்நெஞ்சு என்றுகூட ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அக்காவிடம் போய் ஏன் அழவில்லை என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அப்படிப்பட்ட அக்கா இந்த மாசியில் ஃபோன் செய்து, “ஒரு தடவ உன்கூட சுத்தணும்டி. நீ வந்தாதான் நான் போவேன்” என்றாள். தனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளி விடுமுறையும் பௌர்ணமியும் ஒரே வாரத்தில் வந்தன. வருகிறேன், சேர்ந்து சுற்றலாம் என்று வாக்குக் கொடுத்தேன். டிக்கெட் எடுத்தது, செலவானது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். வாக்குக் கொடுத்த கையோடு பெட்டிக்குள் மலையேறும் ஷூவையும் வைத்தேன் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் ஏறிய பஸ் செஞ்சி தாண்டியதும் முனக ஆரம்பித்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரேயடியாக நின்றுவிட்டது. நான் பிறந்த ஊர் அது. கெட்டுப்போவதற்கு இந்த பஸ்ஸுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று சிரிப்பு வந்தது. டிரைவர் பானட்டைத் திறந்து உள்ளே பார்த்தார், கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார், நாங்கள் கண்டக்டரைப் பார்த்தோம். பினாங்கில் பஸ் நின்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு பஸ் அனுப்புவார்கள். இங்கே வேகவைத்த மல்லாட்டை வந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கூடையில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. உப்பு சரியாக இருந்தது. இரண்டு காகிதக் கூம்பு வாங்கித் தின்றேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கும் யாரையும் தெரியவில்லை.

என்னோடு இறங்கி நின்றவர்களில் ஒரு தெலுங்குக் குடும்பம். இப்போதெல்லாம் திருவண்ணாமலைக்குத் தமிழர்களைவிட அவர்கள்தான் அதிகம் வருகிறார்களோ என்று தோன்றும். கடைப் பலகையெல்லாம் தெலுங்கு. பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் தெலுங்குக்காரர்கள் உண்டு, அதனால் எனக்குப் பாதி புரியும். தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலையைக் காட்டி, அந்த உச்சியிலா கோயில் இருக்கிறது என்று மகள் கேட்டாள். “அங்கே கோயில் இல்லை, அதுதான் சாமி” என்றாள் அம்மா, வாயில் கடலையோடு. சின்ன வயதில் எனக்கும் இதையேதான் சொல்லி வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்த மலையில் கால் வைத்ததில்லை. வேறு ஒரு பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போயிற்று.

அக்கா வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது ஷூதான்.

“இதப் போட்டுகினா மலைய சுத்தப் போற?”

கிரிவலம் வெறுங்காலோடு போவது. அதுகூடத் தெரியாதவளா நான்? இது சுற்றுவதற்கு இல்லை, ஏறுவதற்கு, பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் உச்சிக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன், மறுநாள் உன்னோடு சுற்றுவேன் என்று விளக்கினேன். கொடிமலைக்குப் பழகிய காலுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அக்கா என் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கார்த்திக தீபம் ஏத்த மேல போறாங்களே, அது சாமி வேலை. அதுக்கே, மலைய மிதிச்சுட்டோம்னு தீபம் முடிஞ்சதும் கோயில்ல பிராயச்சித்தம் பண்றாங்க. நீ சும்மா மிதிக்கப் போற. உனக்கு யாரு பண்ணுவா?”

“நீ இருக்கியேக்கா. நீ பண்ணேன்” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “காலப் பத்திரமா வெச்சுக்க. பௌர்ணமிக்கு அந்தக் காலு வேணும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் நான் ரமணாசிரமம் பக்கம் ஊர் சுற்றப் போனேன். செங்கம் ரோட்டின் இந்தப் பகுதியில் நடந்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் வெள்ளை வேட்டியில் வெறுங்காலோடு போகிறார்கள். நான் ஜீன்ஸில் போகிறேன். ஒரு காப்பிக்கடையில் பசும்பால் வேண்டுமா பாதாம்பால் வேண்டுமா என்று கேட்டார்கள். பக்கத்து மேசையில் இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “பத்து நாள் தங்கலாம் என்று வந்தேன், அப்போது என் தலைமுடி முழுக்கக் கறுப்பு” என்றார் நரைத்த தாடிக்காரர். கேட்ட பெண்மணி, திரும்பப் போக நினைக்கவில்லையா என்றாள். நினைக்கிற நாளில் எல்லாம் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன், சரியாகிவிடும் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் என் கேண்டீனில் அடுப்புப் பற்ற வேண்டும்.

முன்பெல்லாம் மலைமேல் யார் வேண்டுமானாலும் ஏறுவார்களாம். இப்போது அனுமதி வேண்டும், உடன் ஆளும் வேண்டும். அதையெல்லாம் முடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் பிடித்துக்கொண்டார். நீங்கள்தானா அந்தத் தங்கச்சி என்று கேட்டார். அக்கா ஒரு மாதமாக மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பழகுகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, தங்கச்சி வருகிறாள், அவள் வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டுமே என்றாளாம். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை.

ஏறுகிற அன்று விடியுமுன் அக்கா புளிசோறு கட்டிக் கொடுத்தாள். போகாதே என்று சொல்லவில்லை. மலைமேல் எச்சில் பண்ணாதே, இறங்கி வந்து சாப்பிடு என்று மட்டும் சொன்னாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்துவரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டவர் அன்வர் பாய். மாமா இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கு அவர் ஆட்டோதான். பல தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறீர்களே, நீங்கள் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“எங்க வூட்லயும் யாரும் ஏறுனதில்லீங்க. தீபத்தன்னிக்கி மாடிலருந்து பாப்போம். அதுக்குமேல நமக்கென்ன வேலை?” என்றார். ஏறும்போது மூச்சு ஜாஸ்தி ஆகும், இறங்கும்போது பேச்சு கம்மி ஆகும் என்று ஏறியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாராம். இறங்கியதும் ஃபோன் பண்ணுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடன் வந்தவர் ஏழுமலை. பேரில் ஏழு மலையை வைத்துக்கொண்டு இந்த ஒன்றுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதற்குக் காரணம் மலை இல்லை, ஃபோன். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்த புதுசு. அங்கே சாம்பாரில் உப்பு இல்லை என்பதில் தொடங்கி, அறையில் உள்ள இன்னொரு பெண் விளக்கை அணைப்பதில்லை என்பதுவரை அவள் அப்பாவிடம் புகார் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பதில் சொல்லிக்கொண்டே ஏறினார். நல்ல மனிதர். எனக்காக இரண்டு இடத்தில் நின்றார். இரண்டிலும் நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடிவாரத்து வீடுகள் முடிந்ததும் பாறைப் படிகள். அப்புறம் படியும் இல்லை, வெறும் உருண்டைக் கற்கள். கொடிமலையில் எந்நேரமும் நிழலும் ஈரமும் இருக்கும். பாதி வழியில் உட்கார்ந்து தேநீர் குடிக்க இடம் இருக்கும். ஏறிக் களைத்தவர்கள் இறங்க ரயில்கூட இருக்கிறது. இங்கே காய்ந்த புல், கல், வெயில், அவ்வளவுதான். புல்லை மிதித்தால் எலுமிச்சை வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் நான்கு கோபுரங்களோடு கோயில் முழுசாகத் தெரிந்தது. கீழே நின்றால் அண்ணாந்து கழுத்து வலிக்கும் ராஜகோபுரம், இங்கிருந்து கொலுவில் வைக்கிற பொம்மை அளவு இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது மறைக்க முடியாது.

உச்சி கறுப்பாக இருந்தது. தீபத்துக்கு ஊற்றிய நெய்யும் எரிந்த திரியின் கரியும் காலங்காலமாக வழிந்து, பாறை முழுக்கத் தார் பூசியதுபோல் இருந்தது. வெயில் ஏற ஏற அது இளகி ஒட்டியது. பழைய நெய் வாசனை மூக்கை அடைத்தது. அங்கே ஷூவோடு நிற்கக்கூடாது. அதுவரைக்கும் எனக்கும் புத்தி இருந்தது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாறையில் செதுக்கியிருந்த சாமி பாதத்தைக் கும்பிட்டேன். பிறகு அந்த எண்ணெய்ப் பாறையில் வெறுங்காலோடு நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். வேங்கிக்கால் எந்தப் பக்கம் என்று ஏழுமலை காட்டினார். கலெக்டர் ஆபீஸ் கட்டடம்கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. அக்கா வீட்டு மாடி மட்டும் தெரியவில்லை.

அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். மாடிக்கு வா, இங்கிருந்து கையை ஆட்டுகிறேன் என்றேன். அவள் வரவில்லை. ஃபோனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது, அவள் தோள் மட்டும் தெரிந்தது. மேலே என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை அக்கா, கறுப்புப் பாறைதான், ஊரெல்லாம் தெரிகிறது என்றேன்.

“ஊரப் பாக்கத்தான் போனியா?” என்று கேட்டுவிட்டு, பத்திரமாக இறங்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பையிலிருந்த ஈரத் தாளால் உள்ளங்காலைத் துடைத்தேன். தாள் கறுத்தது, நெய் போகவில்லை. போதும் என்று சாக்ஸை மாட்டி ஷூவுக்குள் காலை நுழைத்தேன். அந்த ஷூவின் அடிப்பாகம் எப்பேர்ப்பட்ட பாறையையும் பிடித்துக்கொள்ளும். கடையில் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள், பொய்யில்லை. அது பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உள்ளே என் கால்தான் நெய்யில் வழுக்கியது. இறங்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே ஷூ ஒரு பக்கம் நிற்க, கணுக்கால் இன்னொரு பக்கம் திரும்பியது. உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை மகளிடம், “இரு பாப்பா, அப்பறம் பேசறேன்” என்று சொல்லி முதல் தடவையாக ஃபோனைப் பைக்குள் போட்டார்.

ஏறும்போது யாரை எல்லாமோ முந்தியவள், இறங்கும்போது உட்கார்ந்த வாக்கில் கல் கல்லாக நகர்ந்தேன். நகர முடியாத இடத்தில் ஏழுமலை தோள் கொடுத்தார். தண்ணீர் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. வலியைவிட ஒரு கணக்குத்தான் என்னைப் படுத்தியது. நாளைக்குப் பௌர்ணமி. நாளைக்கு இந்தக் கால் நடக்குமா? எத்தனை தடவை கேட்டுக்கொண்டாலும், நடக்கும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். அடிவாரத்து வீடு ஒன்றில் ஓர் அம்மா சொம்பு நிறைய மோர் கொடுத்து, உட்கார நாற்காலி போட்டார். ஏன் ஏறினாய் என்று அவர் கேட்காதது பெரிய உதவி. புளிசோற்றுப் பொட்டலம் பையில் அப்படியே இருந்தது. அக்கா சொன்னதில் நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்வர் பாய் வந்து என்னை ஆட்டோவில் ஏற்றினார். நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். எலும்பு உடையவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, காலை ஊன்றவே கூடாது என்றார். நாளைக்கு மட்டும் கொஞ்சம் நடக்க வேண்டும், கிரிவலம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கிரிவலமா? பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வந்தீங்கன்னா அதுவே பெரிய விஷயம்.”

அக்கா கதவைத் திறந்தாள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலாம். அன்வர் பாயை ஒரு கை பிடிக்கச் சொல்லி என்னைக் கட்டிலில் உட்காரவைத்தாள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். புளிசோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் புதுப் புடவை ஒன்று மடித்து வைத்திருந்தது. பல தடவை துவைத்த பருத்திபோல் மெல்லியது, நீண்ட தூரம் நடக்கத் தோதானது. எனக்காக வாங்கியது என்று கேட்காமலே தெரிந்தது.

போகுமுன் அன்வர் பாய் ஒரு வழி சொன்னார். பௌர்ணமி அன்று கிரிவல ரோட்டில் ஆட்டோ விடமாட்டார்கள். இன்றைக்கே சாயங்காலம் இருவரையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று போய் வரலாம், வழியில் இருக்கிற எட்டு லிங்கக் கோயிலிலும் நிறுத்துகிறேன் என்றார். நான் ஆசையோடு அக்காவைப் பார்த்தேன்.

“ஆட்டோல போனா அது ஊரு சுத்தறது பாய்” என்றாள் அக்கா. பாய் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பௌர்ணமி அன்று பகல் முழுக்க அவள் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். காலை ஆட்டாதே என்றாள். அடுத்த விடுமுறைக்கு வருகிறேன், கட்டாயம் சுற்றலாம் என்றேன். மருந்து சாப்பிட்டாயா என்றாள். மத்தியானத்திலிருந்தே ஜன்னலுக்கு வெளியே கூட்டம் போகத் தொடங்கியது. ஊருக்கு வெளியே பஸ்களை நிறுத்திவிடுவதால் எல்லாரும் எங்கள் தெரு முனையைக் கடந்துதான் நடந்தார்கள். தெலுங்கில் ஒரு பெண் குரல், “கொஞ்சம் மெதுவாக நடங்கள், சாமி எங்கேயும் ஓடிப்போகாது” என்று புருஷனை அதட்டிக்கொண்டு போயிற்று. அக்கா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெலுங்கு தெரியாது. தெரியாதது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த பிறகு அக்கா குளித்துவிட்டு வந்தாள். கூந்தலை முடிந்து, பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் சின்னத் துணிப்பையோடு நின்றாள். கால் வெறுங்கால்.

“எங்கக்கா?”

“சுத்திட்டு வரேன்.”

“தனியாவா?”

“தனியா என்ன, லட்சம் பேரு போறாங்க. நீ மிதிச்சதுக்கு யாரு பதில் சொல்றது? என்னத்தான பண்ணச் சொன்ன?”

நான் விளையாட்டாகச் சொன்னது அது. அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா போன பிறகு துணையில்லாமல் ஒரு பௌர்ணமிக்கும் வாசல் தாண்டாதவள், என் காலுக்காகத் தனியாகக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்து மறுபடி கட்டிலில் விழுந்தேன். கதவை வெளிப்பக்கம் சாத்துகிற சத்தம் கேட்டது. கூட்டத்தின் இரைச்சலில் அவள் காலடி எது என்று தெரியவில்லை.

நன்றாக விடிந்த பிறகுதான் வந்தாள். பதினாலு கிலோமீட்டர் நடந்த பாதம் புழுதியில் வெளுத்து, பெருவிரல் ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. கால்கூடக் கழுவாமல் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். நெற்றியில் பூசுவாள் என்று நான் தலையைக் குனிந்தேன். அவள் என் கட்டை அவிழ்த்து, வீங்கிக் கிடந்த கணுக்காலில் பூசினாள். அக்கா, என் காலைத் தொடாதே என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மருந்து எண்ணெயைத் தொட்டு மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள். நியாயமாகப் பார்த்தால் அவள் காலை நான் பிடித்துவிட்டிருக்க வேண்டும்.

“உனக்காக மன்னிப்பு கேட்டுட்டேன். எல்லா லிங்கத்துகிட்டயும் கேட்டேன். இனிமே ஒண்ணும் இல்ல” என்றாள்.

“மாமாவ நெனச்சியாக்கா?”

இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள்.

“நெனைக்காம? வழியெல்லாம் அவருதான். இங்க டீ குடிப்பாரு, இங்க உக்காருவாரு. இந்தத் தடவ அழுதுடணும்னுதான் இருந்தேன். வரலடி. அத்தன ஜனத்துல யாரு தெரியும் எனக்கு, யாருகிட்ட அழறது? நீ பக்கத்துல நடந்தா வந்துருக்கும். அதுக்குத்தான் உன்ன வரச் சொன்னேன்.”

குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்தான்.

“இப்ப அழுக்கா. நான் இங்கதான இருக்கேன்.”

“இப்ப வராது. மத்தியானம் உனக்கு வண்டி வந்துடும். இன்னும் சோத்துக்கு உலைகூட வெக்கல” என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

நான்தான் அழுதேன். மாமாவுக்காக, அவளுக்காக, மடித்தபடியே கிடந்த அந்தப் புடவைக்காக, சத்தம் போட்டே அழுதேன். அக்கா பதறிப்போய்க் கையை எடுத்தாள். ரொம்ப அழுத்திட்டேனா, வலிக்குதா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.